ஒரு சிறு புல்லின் உபகாரம்

நைனார்பாளையத்தில் ஒரு மக்காச்சோளக் கொல்லை. பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்து வந்தார்கள். வரப்பில் குவித்திருந்த களையிலிருந்து ஒரு புல்லை எடுத்துப் பார்த்தோம். தினைக் கதிரைச் சுருக்கிச் செய்தாற்போல் அதன் நுனியில் ஒரு சிறு கதிர் இருந்தது. "அதைப் போய் என்னத்துக்குங்க பாக்கிறீங்க? மாட்டுக்குப் போடலாம், வேற ஒண்ணுக்கும் ஆவாது" என்றார் கொல்லைக்காரப் பெரியவர்.

அவர் அனுபவத்தில் அது உண்மையே. ஆனால் அந்தப் புல்லின் இனத்தைச் சேர்ந்த இன்னொரு காட்டுப் புல்லைப் பல தேசத்து விஞ்ஞானிகள் இன்று கண்ணாடி அறைகளில் சீராட்டி வளர்க்கிறார்கள் என்றால் நேயர்கள் வியப்படையலாம். 'செடேரியா விரிடிஸ்' என்பது அதன் சாஸ்திரப் பெயர். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீன தேசத்து உழவர்கள் இதைப் பழக்கித்தான் தினையாக்கினார்கள்.

இந்தப் புல்லுக்கு ஏன் இத்தனை மரியாதை? பயிர் ஆராய்ச்சி பொறுமையைச் சோதிக்கும் தொழில். கரும்பு முற்ற ஒரு வருஷம் ஆகிறது. ஆளை மறைக்கும் உயரம். அதன் அணுவறையில் நூறு குரோமோசோம்களுக்கு மேல் சிக்கலாகக் கிடக்கின்றன. இப்புல்லோ சிறு தொட்டியில் வளர்ந்து, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் விதை தந்துவிடுகிறது. குரோமோசோம்கள் பதினெட்டே. அதோடு, வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் முறையில் இது கரும்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றின் கூட்டாளி. ஆகவே இதில் கற்ற பாடத்தை அவற்றில் சோதித்துப் பார்க்கலாம்.

அப்படி நடந்தும் இருக்கிறது. கதிர் நெருக்கமாக அமையாத ஒரு செடியை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணுவை இப்புல்லில் கண்டார்கள். அதே மரபணு பழுதான மக்காச்சோளத்திலும் கதிர் சரியாக அமையவில்லை என்று 1917-இல் அல்ல, மிக அண்மையில், 2017-இல்தான் தெரிந்தது. 2020-இல் ஏறக்குறைய அறுநூறு காட்டுச் செடிகளை ஒப்பிட்டு, விதை முற்றியதும் உதிரச் செய்யும் மரபணு ஒன்றையும் கண்டறிந்தார்கள். தினையில் அந்த மரபணுவின் நடுவே வேறொரு துண்டு புகுந்து அதைக் கெடுத்திருக்கிறது. அந்தக் கேடு மனிதனுக்கு நன்மையாயிற்று. உதிராத கதிரை அறுத்து வீடு சேர்க்க முடிந்தது.

காட்டுப் புல்லை மதிப்பது நம்மவர்க்குப் புதிதன்று. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பை நாணல் இனக் காட்டுக் கரும்போடு கலந்தார்கள். 1918-இல் 'கோ 205' என்ற ரகம் வெளிவந்து வட இந்திய வயல்களை நிரப்பிற்று. கள்ளக்குறிச்சிச் சீமையின் கரும்பு விவசாயிகளும் அந்தக் கலப்பு வித்தையின் பயனை அநுபவிப்பவர்களே. அங்கே காட்டுப் புல் கரும்புக்குப் பெற்றோராயிற்று. செடேரியாவோ பயிர்களைப் பற்றி நமக்குப் பாடம் சொல்லும் உபாத்தியாயராகிறது.

அந்தப் பாடம் யாருக்கு முதலில் வேண்டும்? நைனார்பாளையத்திலிருந்து நோக்கினால் கல்வராயன் மலை தெரியும். அங்கே மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் விதைத்து வந்திருக்கிறார்கள். சாமை முற்றினால் உதிரும், காற்றடித்தால் சாயும். நெல்லுக்கும் கோதுமைக்கும் கிடைத்த ஆராய்ச்சியில் ஒரு சிறு பங்குகூட அதற்குக் கிடைத்ததில்லை. உதிர்வின் இரகசியம் புல்லில் வெளிப்பட்ட பிறகு, சாமையில் அதைத் தேடுவது நம் ஆராய்ச்சிசாலைகளின் கடமை.

ஆனால் தேடுவதற்கு விதை இருக்க வேண்டுமே! ஆய்வுக்கூடம் மரபணுவைப் படிக்கலாம். மறைந்துபோன மலைச் சாமையைப் படைக்க அதனால் முடியாது. அவ்விதைகளை இன்றுவரை காப்பாற்றியவர்கள் மலைக் குடிசைகளில் பானையில் எடுத்து வைத்த பெண்கள். அவர்களிடம் வாங்கிச் சமைப்போர் இருந்தால்தான் அடுத்த வருஷமும் பானையில் விதை இருக்கும். நம் நேயர்கள் வாரத்தில் ஒரு வேளை சாமைச் சோறு சமைப்பதை, அந்த ஆராய்ச்சிக்குத் தாங்கள் செய்யும் உதவியென்றே கருதலாம்.