யாருக்காக இந்தப் பரீட்சை?

முதுமை மறதி நோய் வந்தவர் இருக்கும் வீட்டுக்குப் போகிற உறவினர்கள் பலர், செருப்பைக் கழற்றிய கையோடு வினாத்தாளை நீட்டிவிடுகிறார்கள். "பெரியம்மா, நான் யாரு? சொல்லுங்க பாப்போம்." அவர் திருதிருவென விழிக்கிறார். "நல்லா யோசிங்க, 'க'ன்னு ஆரம்பிக்கும்." சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். தப்பான பெயர் வந்துவிட்டால் "என்னையே மறந்துட்டாங்களே" என்று ஒரு பெருமூச்சு. அப்புறம் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

இது கொடுமை என்று சொன்னால் கோபம் வருகிறது. "கேட்டுக்கிட்டே இருந்தாத்தானே ஞாபகம் நிக்கும்? தப்பாச் சொல்றதைத் திருத்தாம விட்டா மூளை இன்னும் மழுங்கிடாதா?" படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். வாய்ப்பாட்டை ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். நோயாளியையும் ஒப்பிக்க வைக்கிறோம்.

இந்த நம்பிக்கை தவறு. முதுமை மறதிக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய், தொடக்கத்திலேயே தாக்கும் மூளைப் பகுதிகளில் ஒன்று ஹிப்போகாம்பஸ். புதிய செய்தி மனதில் பதிவதற்கு அது வேண்டும். காலையில் நீங்கள் திருத்திச் சொன்னது அவருக்குள் பதியவே இல்லை. பதியாததை மாலையில் அதட்டிக் கேட்டால் மட்டும் எங்கிருந்து வரும்?

ஆனால் அதட்டல் தங்கிவிடுகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் காட்டிப் பார்த்தார்கள். முடிவு 2014-இல் வெளியானது. சற்று நேரத்திலேயே, பார்த்தது என்ன என்பது அவர்களுக்கு ஏறக்குறைய மறந்துபோனது. அது கிளப்பிய துக்கமோ மகிழ்ச்சியோ அதற்குப் பிறகும் நீடித்தது. நீங்கள் வந்து போனது பெரியம்மாவுக்கு நினைவிருக்காது. எதிலோ தோற்றுப்போன, எல்லோரும் சிரித்த அந்தச் சங்கடம் மட்டும் காரணம் தெரியாமல் அவரோடு இருக்கும். சாயங்காலம் "என்னமோ காரணமில்லாம அழறாங்க" என்று மருமகள் சொல்வார்.

நினைவாற்றலுக்குப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் உருவாகி, சென்னையில் தமிழிலும் நடத்திப் பார்க்கப்பட்ட அறிவுத் தூண்டல் பயிற்சி ஒன்று உண்டு. நோய் மிதமாக இருப்பவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, வாரம் இருமுறை, மொத்தம் 14 அமர்வுகள். அதனால் பலன் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதன் அடிப்படை விதிகளில் ஒன்றைக் கவனியுங்கள்: தகவலைக் கேட்காதே, அபிப்பிராயத்தைக் கேள். "இந்தப் படத்துல இருக்கிறது யாரு?" என்று கேட்கக் கூடாது, "இந்தப் புடவைக் கலர் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்கலாம். பிடித்தது, பிடிக்காதது என்பதில் தப்பான விடை கிடையாது. மூளைக்குப் பயிற்சி கொடுப்பவர்களே தவிர்க்கிற கேள்வியைத்தான் நாம் பயிற்சி என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

திருத்துவதில் உச்சம் சாவுச் செய்தி. "அப்பா இன்னும் வரலையே?" என்று அம்மா வாசலைப் பார்க்கிறார். "அவர் போய்ப் பத்து வருஷம் ஆச்சும்மா, எத்தனை தடவை சொல்றது?" மகனுக்கு அது எத்தனையாவது தடவையோ, அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை. அந்த நிமிடம்தான் அவர் விதவையாகிறார். நாளைக்கும் ஆவார்.

"அப்போ பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். வேண்டாம். "அப்பா ஞாபகமாவே இருக்காம்மா? எனக்கும்தான். அவருக்கு உங்க மீன்குழம்புன்னா உயிராச்சே" என்று பேச்சைத் தொடருங்கள். இதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் தேடுவது ஆளை மட்டுமல்ல. அந்த ஆள் இருந்தபோது இருந்த தைரியத்தையும்தான். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பவரிடம் பட்டாவைக் காட்டி வாதாடி ஒரு பயனும் இல்லை. கூட உட்கார்ந்து அந்த வீட்டைப் பற்றிப் பேசவிடுங்கள். மாத்திரை, அடுப்பு, பணம் என்று ஆபத்தான விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாதுதான். அங்கும் வாதம் உதவாது, சிலிண்டரை மூடிவைப்பதுதான் உதவும்.

இரவு பகலாகக் கூடவே இருந்து பார்ப்பவர், ஒரே கேள்வியை நூறாவது முறை கேட்டு எரிந்துவிழுந்தால் அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு முதுமை மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்கள்தான். அரை மணி நேரம் வந்து பரீட்சை வைத்துவிட்டுப் போகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்த முறை போகும்போது டிவியை நிறுத்துங்கள். அவர் முகத்துக்கு நேராக, அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். "பெரியம்மா, நான் உங்க தங்கச்சி மகன் வந்திருக்கேன்" என்று உறவையும், கூடவே உங்கள் பெயரையும் நீங்களே சொல்லிவிடுங்கள். "என்ன சாப்பிடுறீங்க?" என்று திகைக்க வைக்காமல் "இட்லியா, தோசையா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பதில் வர நேரமாகும்.