சிறையில் படித்த குறள்

"பள்ளிப் பாடமே மலைபோல் கிடக்கிறது, பழைய இலக்கியம் எதற்கு?" புனே தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. மராத்தி, இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழிகளைச் சுமக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் குறள் நான்காவது சுமையாகத் தோன்றுகிறது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால், மராத்தி மக்கள் போற்றும் சானே குருஜியை (1899-1950) எண்ணிப் பார்க்க வேண்டும். 'ஷ்யாம்ச்சி ஆயி' எழுதிய அவர், விடுதலைப் போராட்டத்தில் திருச்சி சிறையில் இருந்தபோது தமிழ் கற்றார். திருக்குறளை மராத்தியில் பெயர்த்தார். தேர்வுக்காகவா? மதிப்பெண்ணுக்காகவா?

ஆண்டுதோறும் ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் புறப்படும் பல்லக்குகள் புனேயில் தங்கிச் செல்கின்றன. உடன் நடக்கும் உழவரும் தொழிலாளரும் துக்காராமின் அபங்கங்களைப் பாடிச் செல்கின்றனர். 17-ஆம் நூற்றாண்டின் பாடல்கள் இன்றும் வாழ்வது மக்கள் நாவில்தான்.

நம் வீடுகளில் குறள் அவ்வாறு ஒலிக்கிறதா? 1,330 குறளையும் ஒப்பிக்கச் சொல்லிப் பிள்ளைகளை வதைக்க வேண்டாம். இரவு உணவின்போது ஒரு குறள் போதும். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைக்கு அதைக்கொண்டே எழுத்தையும் கற்பிக்கலாம். இக்காலத்துக்கு ஒவ்வாத கருத்தென்று பிள்ளை மறுத்தால், வாதாடட்டும். எவர் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்றவர் வள்ளுவரே அல்லவா?

சிறைக்குள் ஒரு மராத்தியருக்குக் கிடைத்த செல்வம், சொந்த வீட்டில் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்காமற் போனால், குற்றம் பிள்ளையுடையதன்று.