விருந்தாளியும் கூலியாளும்

‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ என்னும் மலையாளத் திரைப்படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம் தாய்மார் கண் கலங்குகின்றனர். இளைஞர்கள் நெஞ்சை நிமிர்த்துகின்றனர். ‘நம் சமுதாயத்தின் உள்ளத்தை உலகுக்குத் திறந்து காட்டிய படம்’ என்று நண்பர் ஒருவர் மேடையிலேயே முழங்கக் கேட்டேன். கரவொலி அடங்க நெடுநேரமாயிற்று. மத்ரஸாவில் ஓதியவன் திரைப்படம் பற்றி எழுதலாமா என்று வினவுவோர் இருப்பர். அதற்கு விடை பிறிதொரு நாள் சொல்லலாம். இன்று என் வழக்குப் படத்தோடு அன்று. அதைப் பெருமைப் பட்டயமாகச் சுவரில் மாட்டிக்கொள்வோரோடுதான்.

ஸகரிய்யா இயக்கத்தில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தின் கதை எளியது. மலப்புறத்து எழுவர் கால்பந்தாட்டத்தில் மஜீத் என்பவனின் குழுவுக்காக ஆடவந்த நைஜீரிய இளைஞன் சாமுவேல் அடிபட்டுப் படுத்த படுக்கையாகிறான். மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வசதியற்ற மஜீத், அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து சேர்க்கிறான். மஜீதின் உம்மா ஜமீலாவும், பீயும்மா என்னும் மூதாட்டியும் மொழி தெரியாத அப்பிள்ளைக்குப் பணிவிடை செய்கின்றனர். கோழிக்கோட்டு நாடக மேடையில் வளர்ந்த சாவித்திரி ஸ்ரீதரனும் சரசா பாலுச்சேரியும் அத்தாய்மாராக நடித்தனர். நடித்தனர் என்று சொல்லவே நா கூசுகிறது, அவ்வளவு இயல்பு. பாஸ்போர்ட் தொலைந்து காவல்துறையின் ஐயம் சூழும்போதும் அவ்வீட்டார் அவனைக் கைவிடவில்லை. நானும் அழுதேன். அதை மறைக்கவில்லை.

ஆயின் அப்படத்தின் பெயரிலேயே ஒரு குத்தல் இருப்பதை நம்மவர் கவனித்தாரில்லை. ஆடவரும் ஆப்பிரிக்கர் எந்நாட்டவராயினும் மலப்புறத்தார்க்கு அவர் ‘சுடானி’யே. அரபு பயின்றோர் அறிவர்: ‘சூதான்’ என்பது கறுப்பர் என்னும் பொருள்படும் பன்மைச் சொல்; பண்டை அரபுப் புவியியலார் ஆப்பிரிக்காவின் அகன்றதொரு நிலப்பரப்பையே ‘பிலாதுஸ் ஸூதான்’ என்றனர். ஆக, அன்போடு அழைக்கும் அப்பெயர் ஒருவனது நிறத்தைச் சொல்கிறதேயன்றி அவன் ஊரைச் சொல்லவில்லை, அவன் தாயிட்ட பெயரையும் சொல்லவில்லை. நம் ஊரில் அஸ்ஸாமியனும் பீகாரியும் ஜார்க்கண்டுக்காரனும் ‘இந்திக்காரன்’ ஆகிவிட்டது எவ்வாறு? மலைக்கு அப்பால் நம்மையெல்லாம் ‘பாண்டி’ என்று ஒரே சொல்லில் அடக்குவதைக் கேட்டுக் குமுறுகிறோமே, அந்தக் குமுறலில் நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நாம் யார் என்பதை மறந்துவிட்டுத்தான் பெருமை பேசுகிறோம். சிலமலையிலும் போடிநாயக்கனூரிலும் பஜ்ருக்கு எழுவோர் அறிவர், விடியுமுன்னே ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படும் ஜீப்புகளின் இரைச்சலை. தூக்குவாளியும் தலைமுண்டும் ஏந்திய பெண்கள் அவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் சென்று பொழுது சாய மீளுகின்றனர். இந்த அடிவாரமே அயல் மாநிலக் கூலியில் அடுப்பெரித்த அடிவாரம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பூசல் மூண்டபோது, இடுக்கித் தோட்டங்களில் இருந்த நம் மக்கள் விரட்டப்பட்டுக் கைக்குழந்தைகளோடு மலையிறங்கி வந்தார்கள். 2020 மார்ச்சில், கொரோனா அச்சத்தால் போக்குவரத்து நின்றபோது, தோட்டத்திலிருந்து காட்டுப் பாதையில் நடந்தே ஊர் திரும்பியவர்களை, சிலமலைக்கு அருகிலுள்ள இராசிங்காபுரத்து மலையில் தீ சூழ்ந்தது; பச்சிளங்குழந்தை உட்படச் சிலர் கருகி மாண்டனர். இவற்றைக் கண்ட கண்கள் நம்முடையவை.

இன்னும் பின்னே செல்வோம். கி.பி. 615இல் மக்கத்துக் கொடுமை தாளாது நபித்தோழர்கள் முதன்முதலாகப் புகலிடம் தேடிப் போனது எங்கே? ஹபஷாவுக்கு, ஆப்பிரிக்க மண்ணுக்கு. அடைக்கலம் தந்த நஜ்ஜாஷி கிறித்தவ அரசர். அகதிகளை ஒப்படைக்குமாறு குறைஷியர் காணிக்கைகளோடு தூதர்களை அனுப்பினர். ஜஃபர் (ரலி) எழுந்து உரைத்ததைக் கேட்ட அரசர், அகதிகளை வைத்துக்கொண்டு காணிக்கைகளைத் திருப்பியனுப்பினார். அவர் மறைந்த செய்தி வந்தபோது நபி (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்தே அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். ஆகவே, ஆப்பிரிக்கப் பிள்ளை ஒருவனுக்கு ஒரு முஸ்லிம் தாய் கஞ்சி ஊட்டுகிறாள் என்றால் அது நாம் வழங்கும் கொடை ஆகாது. பதினான்கு நூற்றாண்டுக் கடனில் ஒரு தவணை. கடனைக் கட்டுபவன் மார்தட்டுவது உலகில் எங்கும் இல்லாத வழக்கம்.

இனி நெஞ்சைச் சுடும் செய்திக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றின் திண்ணையில் அஸ்ஸாமிய இளைஞன் ஒருவன் பல நாள் கிடந்தான். தோட்டத்துச் சரிவில் வழுக்கிக் கால் முறிந்தவன். வயது இருபதைத் தாண்டியிராது. மஹல்லாவின் இல்லங்களிலிருந்து முறை வைத்து அவனுக்கு உணவு வந்தது. நெய்ச்சோறு வந்தது, பிரியாணி வந்தது, பெருநாள் பலகாரமும் வந்தது. அவனுக்கு வர வேண்டிய இரண்டு மாதக் கூலி மட்டும் வரவில்லை. அவனை வேலைக்கு அழைத்துவந்த கங்காணி நம்மவர். பள்ளிவாசலுக்குத் தாராளமாக வழங்குபவர். அவரிடம் போய்க் கேட்க எவரும் முன்வரவில்லை. நானும் போகவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தேன், தலையைத் தடவினேன், ரயில் கட்டணத்துக்கு நான்கு பேரிடம் கைநீட்டி வசூலும் செய்தேன். காலைச் சாய்த்து நடந்து அவன் ஊர் போனான். அவன் கூலி அந்தக் கங்காணியின் பையிலேயே தங்கிவிட்டது.

விருந்தாளிக்கும் கூலியாளுக்கும் வேறுபாடு உண்டு என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகவே வகுத்துள்ளன. விருந்தாளியின் உரிமை மூன்று நாள். அதன் பின் அளிப்பது ஸதக்கா. கூலியாளின் உரிமைக்கோ நாள் கணக்கு இல்லை. வேலை முடிந்ததும் அது கடனாகக் கழுத்தில் ஏறுகிறது. முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிப்பதை ஸஹீஹுல் புகாரியில் ஓதியிருக்கிறோம். வழிப்போக்கனைத் திருமறை ‘இப்னுஸ் ஸபீல்’, வழியின் மகன், என்று அழைத்து ஜகாத்துக்கு உரிய எட்டு வகையாரில் ஒருவனாக நிறுத்துகிறது. அவனுக்குச் சேர வேண்டியது நம் மனம் இளகும்போது இளகி, இறுகும்போது இறுகும் பண்டமன்று.

‘பாவம் பார்த்துச் சோறு போட்டோமே, அதுவும் குற்றமா?’ என்று கேட்பர். சோறு போட்டது குற்றமன்று. சோற்றைக் காட்டிக் கணக்கை மறைத்தோமே, அதுதான் குற்றம். அத்திரைப்படத்துக்கும் இச்சோதனை வந்தது. வெளியான சில நாள்களில், சாமுவேலாக நடித்த சாமுவேல் அபியோலா ராபின்சன் தமக்கு அளித்த ஊதியம் குறைவென்றும் தம் நிறமே காரணமென்றும் வெளிப்படையாக முறையிட்டார். தயாரித்தவர்கள் அதை மறுத்தனர். சிறு முதலீட்டுப் படம் என்றனர். பின்னர் பேசித் தீர்த்துக் கூடுதல் தொகை கொடுத்தனர். அவரும் நிறவெறிக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார். எனக்கு அப்படத்தைவிட இத்தீர்வே பெரிதாகத் தோன்றுகிறது. கேட்டான், கொடுத்தார்கள். அதே குழுவினர் 2019 டிசம்பரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கண்டித்துத் தேசிய விருது விழாவையே புறக்கணித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களைப் புகழ்வோர் அவர்கள் செய்ததையும் செய்யட்டும்.

எனவே நம் அடிவாரத்து ஜமாஅத் நிர்வாகிகள் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். தோட்ட முதலாளியோ கங்காணியோ ஏலக்காய் வணிகரோ நன்கொடை நீட்டும்போது, ரசீதுப் புத்தகத்தைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: உம்மிடம் வேலை செய்த வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கூலி பாக்கி உண்டா? உண்டென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். நஜ்ஜாஷி திருப்பிக் கொடுக்கவில்லையா? திண்ணையில் ஒதுங்கும் பிள்ளையின் பெயரையும் ஊரையும், அவனை அழைத்துவந்தவர் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அவனோடு கங்காணி வீட்டுக்கு நடந்து செல்ல இருவரை நியமியுங்கள். அந்த இருவரில் ஒருவனாக என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம். இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று கருதும் நிர்வாகிகள் தம் காரணங்களை எழுத்தில் தரட்டும். இதே பக்கங்களில் மறுமொழி சொல்லக் காத்திருக்கிறேன்.