மன உறுதி என்னும் பொய்

இலக்கியக் கூட்டமொன்று முடிந்த இரவில், சிற்றிதழ் நண்பர் ஒருவர் தான் குடியை விட்ட கதையைச் சொன்னார். "எல்லாம் மன உறுதிதான். மனசு வைத்தால் எவனும் விட்டுவிடலாம்" என்று முடித்தார். கேட்டவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். அந்த இரவில் அதை மறுப்பது நாகரிகமாக இருக்காது என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன். இங்கே மறுக்கிறேன்.

நண்பரின் உறுதியை நான் ஐயுறவில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டவை சில உண்டு. மருத்துவ விடுப்பில் இருந்த நாட்களிலும் அவருக்குச் சம்பளம் வந்தது. அவர் மனைவிக்கு அரசு வேலை. மருத்துவச் செலவை அண்ணன் ஏற்றார். திரும்பி வந்தபோது படிக்கப் புத்தகங்களும், நள்ளிரவில் அழைத்தாலும் பேச நண்பர்களும், எழுதப் பத்திரிகையில் ஒரு பக்கமும் காத்திருந்தன. இத்தனையையும் மறைத்துவிட்டு மீட்சிக்கு மன உறுதி என்று பெயர் வைப்பது நேர்மையல்ல.

ராபர்ட் கிரான்ஃபீல்டு, வில்லியம் கிளவுட் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், சிகிச்சை பெறாமலேயே போதையிலிருந்து மீண்டவர்களைப் பற்றி 1999இல் ஒரு நூல் எழுதினார்கள். அப்படி மீண்டவர்களுக்குக் கல்வி, வேலை, குடும்பம், இழக்க விரும்பாத நற்பெயர் ஆகியவை இருந்தன. இவற்றின் தொகுப்பையே அவர்கள் 'மீட்சி மூலதனம்' என்றார்கள். மூலதனம் என்ற சொல் பொருத்தமானது. அது எல்லோரிடமும் சமமாக இருப்பதில்லை.

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் என் உறவினர் ஒருவர் பட்டு நெய்தார். பட்டுப் பாவில் இழை அறுந்தால் விரல் நுனியால் பிணைக்க வேண்டும். நீண்டநாள் குடித்தவரின் கை காலையில் நடுங்கும்; நடுங்கும் கையால் இழையைப் பிணைக்க முடியாது. ஆகவே முந்தைய இரவு மிச்சம் வைத்த குவார்ட்டரில் ஒரு மிடறு. நடுக்கம் நிற்கும், தறி ஓடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒழுக்கக்கேடு. தறிக்குழியில் கால் வைத்திருப்பவருக்கோ நாடாவைப் போல இதுவும் ஒரு கருவியாகிவிடுகிறது.

அப்படிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் நடுக்கம் கூடும். வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ஆனால் சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. கணவன் நெய்ய, பக்கத்தில் மனைவி தார் சுற்றும் வீட்டில் தறி நின்றால் இரண்டு பேரின் உழைப்பும் நின்றுபோகும். முதலாளியிடம் வாங்கிய முன்பணமோ நிற்பதில்லை. என் உறவினர் சிகிச்சை முடிந்து வந்தபோது காத்திருந்தவை அந்தக் கடனும், பழைய கூட்டாளிகளும், மாலையில் போய் உட்காரக் கடையைத் தவிர வேறிடம் இல்லாத தெருவும்தான். மூன்றாம் மாதம் மீண்டும் குடித்தார். "அவன் மனசு வைக்கல" என்றது ஊர்.

நம் மதுவிலக்கு விவாதமும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, பின் மீண்டு, மறுபடி தளர்ந்தது. 2003இல் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2016, 2017, 2023 ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன. கடை தூரமாவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடைகளை எண்ணிய நாம், குடியை விட்டவனின் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்தியது. ஊர்க்காரர்களின் ஒத்துழைப்போடு சிகிச்சை, குடும்பத்தினருக்கும் ஆலோசனை, பிறகு அதே ஊரில் தொடர் கவனிப்பு. மீண்டவன் திரும்பிப் போக வேண்டிய இடத்தையே சிகிச்சைக்குள் கொண்டுவந்த முறை இது. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும் பெரிய செலவில்லை. ஓர் அறை, சில நாற்காலிகள், அதே வழியில் நடந்து வந்தவர்கள்.

நெசவூருக்கு என்ன வேண்டும் என்பதும் புதிரல்ல. சிகிச்சை நாட்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் வழியாக ஓர் உதவித்தொகை. சில மாதங்களுக்கு முன்பணத்தைக் கேட்டு நெருக்காத ஏற்பாடு. கை நிதானப்படும்வரை எளிய ரகச் சேலைகளுக்குப் பாவு. மாலையில் கூட ஓர் இடம்.

கடைசியாக நமக்கு. குடித்து அழிந்த கவிஞனைக் கலகக்காரன் என்று சிறப்பிதழ் போடுகிறோம். அதே குடியில் அழிந்த நெசவாளியைப் பொறுப்பற்றவன் என்கிறோம். கவிஞனின் மருத்துவச் செலவுக்கு நாமே நன்கொடை திரட்டியிருக்கிறோம் என்பதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நண்பர் அடுத்த கூட்டத்திலும் தன் கதையைச் சொல்லட்டும். அண்ணன் கட்டிய பணத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.