கிளி கால் பணம், கூண்டு முக்கால் பணம்!



பொங்கல் முடிந்து மாசி பிறந்தாலே நம்ம பக்கம் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "பனைமரப் பொந்துல கிளிக்குஞ்சு எடுத்திருக்காங்களாம்ல, ஒண்ணு வாங்கிப் போடுவமா?" என்று. இந்த வருஷமும் கிளம்பிவிட்டது. எட்டாம் வகுப்புத் தம்பிகள் சிலர் சேர்ந்து உண்டியலே வைத்திருக்கிறார்கள். உண்டியல் சேர்ப்பது நல்ல பழக்கம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உண்டியலை உடைக்கும் முன் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள் என்பதுதான் என் கருத்து.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கிளி விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது. கிளியின் விலையை மட்டும் எல்லாரும் விசாரிக்கிறோம். கிளியை வளர்க்கும் விலையை யாரும் விசாரிப்பதில்லை.

கணக்கின் முதல் வரி: சட்டம்

ரூபாய்க்கணக்கு போடும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கழுத்தில் வளையம் போட்ட நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை வாங்குவது, விற்பது, கூண்டில் வைப்பது எல்லாமே குற்றம். இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்க 1990-களின் தொடக்கத்திலேயே தடை வந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"அதெல்லாம் சும்மாண்ணே, யாரு புடிக்கப் போறா?" என்று ஒரு தம்பி கேட்டான். 2023 பிப்ரவரியில் சென்னையில் நடிகர் ரோபோ சங்கர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறையினர் எடுத்துப் போனார்கள். அபராதம் 2.5 லட்சம் ரூபாய் என்று செய்தித்தாள்களில் வந்தது. 2024 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்தார்கள். அந்தச் செய்தி பரவியதும் ஜோசியரின் கிளிகளும் பறிமுதல் ஆயின. நடிகருக்கும் விலக்கு இல்லை, அன்றாடம் காய்ச்சியான ஜோசியருக்கும் விலக்கு இல்லை. நமக்கு மட்டும் இருக்குமா?

ஆகவே பச்சைக்கிளிக்குப் பட்ஜெட் போடவே வேண்டாம். முதல் வரியிலேயே கணக்கு முடிந்துவிட்டது. ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்களும் பயந்துகொண்டு ராத்திரியில் திறந்து விட்டுவிடக் கூடாது. கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, இறகு வெட்டியிருந்தால் பறக்கவும் முடியாது. காக்காயும் பூனையும் விட்டுவைக்காது. 2023-இல் கோவையில் வனத்துறையே, வளர்ப்புக் கிளிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி அறிவித்தது. அதுபோல வனத்துறையிடம் கேட்டு ஒப்படைப்பதுதான் முறை.

அப்போ எந்தக் கிளி?

நாம் "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்லும் சின்னக் குருவி இருக்கிறதே, அதுவும் கிளி ஜாதிதான். அதன் பெயர் பட்ஜெரிகார். ஆஸ்திரேலியாவின் வறண்ட காட்டுப் பறவை. இந்தியாவின் காட்டுப்பறவை அல்ல என்பதால் பச்சைக்கிளிக்கு உள்ள தடை இதற்குக் கிடையாது. வளர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதற்குத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விலை கடைக்குக் கடை மாறும். ஆகவே கீழே உள்ளவற்றைக் கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருக்கடை விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

ஒரே தடவை ஆகும் செலவு:
குருவி ஒரு ஜோடி – 500 ரூபாய்
இரண்டடி அகலக் கூண்டு – 1,200 ரூபாய்
தீனிக் கிண்ணம், தண்ணீர்க் கிண்ணம் – 150 ரூபாய்
உட்காரும் குச்சி (வேப்பங்குச்சி போதும்) – செலவில்லை
ராத்திரி மூட பழைய வேட்டி – செலவில்லை
ஆக மொத்தம் – 1,850 ரூபாய்

மாதாமாதம் ஆகும் செலவு:
தினை 1 கிலோ – 80 ரூபாய்
கொத்தமல்லி, கீரை – 75 ரூபாய்
கடல்நுரை – 15 ரூபாய்
கழுவ, துடைக்க – 20 ரூபாய்
வைத்தியத்துக்கு எடுத்துவைப்பது – 100 ரூபாய்
ஆக மொத்தம் – 290 ரூபாய்

ஒரு குருவி ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் தானியம் தின்னும். இரண்டுக்கும் சேர்த்து மாதம் 600 கிராம். அப்புறம் ஏன் 1 கிலோ என்று கேட்பீர்கள். குருவி தின்பதில் பாதி, சிந்துவதில் பாதி! கடல்நுரை என்பது கணவாய் மீனின் ஓடு. சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்கக் கொடுப்பது.

"வைத்தியத்துக்கு 100 ரூபாயா? எங்க ஆட்டுக்கே அவ்வளவு ஆகலையே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பறவைகள் நோயைக் காட்டிக்கொள்ளாது. இறகைச் சிலுப்பிக்கொண்டு ஒடுங்கி உட்காரும்போது ஏற்கெனவே நோய் முற்றியிருக்கும். நம் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் மாடு, ஆடு, நாய்க்கு நடுவில் குருவிக்கு மருந்து வாங்கலாம். பெரிய வைத்தியம் என்றால் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். பஸ் கட்டணத்தோடு அப்பாவின் ஒரு நாள் கூலியும் போகும். மாதம் 100 ரூபாய் ஒதுக்கியிருந்தால்தான் அன்றைக்குக் கை பிசையாமல் இருக்கலாம்.

இனி பெருக்கிப் பாருங்கள். மாதம் 290 என்றால் வருஷத்துக்கு 3,480 ரூபாய். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்தக் குருவி 5 முதல் 10 வருஷம் வரை இருக்கும். நடுவாக 7 வருஷம் வைத்தால் 24,360 ரூபாய். முதல் செலவு 1,850-ஐச் சேர்த்தால் 26,210 ரூபாய்! கடையில் 500 ரூபாய் கொடுத்து "சீப்பா முடிஞ்சுது" என்று சிரித்துக்கொண்டு வருகிறோமே, அது மொத்தச் செலவில் நூற்றுக்கு இரண்டு பங்கு கூட இல்லை.

இன்னொரு விதமாகப் பார்த்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ரூபாய். நம்மில் பலருக்கு வீட்டில் தினமும் கொடுக்கும் காசே அவ்வளவுதான். இடைவேளை வடையையும் நெல்லிக்காயையும் விட்டுவிட்டு, இன்றைக்கு எட்டாம் வகுப்புத் தம்பி கல்லூரி முடிக்கும் வரை கொடுக்கத் தயாரா? "ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்." குருவிக்கோ ஏழு வருஷம்.

கணக்கில் வராத கணக்கு

ரூபாயில் எழுத முடியாத செலவுகளும் உண்டு. அதில் முதலாவது அம்மா.

கூண்டைக் கழுவ, தண்ணீர் மாற்ற, உமியை ஊதித் தீனி போட, தினமும் 20 நிமிஷம் வேண்டும். மாதத்துக்கு 10 மணி நேரம். முதல் வாரம் நாம் செய்வோம். பரீட்சை வந்தால் அம்மா செய்வார். நாம் விடுதிக்குப் படிக்கப் போனால் முழுக்க அம்மாதான். நம் ஊரில் தறியில் உட்காரும் அம்மாவுக்கும் மல்லிகைப்பூ கட்டும் அம்மாவுக்கும் 10 மணி நேரம் என்றால் அது கூலி. "கிளி வாங்கித் தாம்மா" என்று நாம் கேட்பது, "மாசம் பத்து மணி நேரம் எனக்குச் சம்பளமில்லாம வேல பாரும்மா" என்று கேட்பதுதான். இதைத் தெரிந்து கேட்க வேண்டும்.

இரண்டாவது வெயில். தகரக்கூரை வீட்டில் சித்திரை மத்தியானம் நாமே தவித்துப் போகிறோம். குருவி காட்டில் இருந்தால் நிழல் தேடி, தண்ணீர் தேடிப் பறந்துவிடும். கூண்டில் அதற்கு அந்த வழி கிடையாது. நிழலும் காற்றும் உள்ள இடம் வீட்டில் இல்லை என்றால், மற்ற எல்லா வரியும் சரியாக இருந்தாலும் வாங்கக் கூடாது. குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் தெருக்களும் இங்கே உண்டு. அந்த வீடுகளில் கூண்டு கழுவும் தண்ணீரும் செலவுதான்.

மூன்றாவது பெருக்கல். கூண்டுக்குள் பானை கட்டினால் நான்கு, ஐந்து, ஆறு என்று முட்டை வைக்கும். "குஞ்சை வித்தே பணம் பாத்துரலாம்" என்று சில பேர் சொல்வார்கள். இரண்டு எட்டானால் தீனியும் நாலு மடங்கு, கூண்டும் பெரிது. வாங்க ஆள் வராவிட்டால் எட்டுக்கும் நாம்தான் பொறுப்பு. பானையே கட்டாமல் இருப்பது நல்லது. மூக்கின் மேல் உள்ள சதை வளர்ந்த சேவலுக்கு நீலமாகவும் பெட்டைக்குப் பழுப்பாகவும் இருக்கும். பார்த்து இரண்டும் ஒரே இனமாக வாங்கினாலும் சரி. ஆனால் ஒற்றையாக மட்டும் வாங்காதீர்கள். கூட்டமாக வாழும் பறவை தனியாக இருந்தால் ஏங்கிப் போகும்.

எதிர்க்கேள்விகளுக்குப் பதில்

"எங்க தாத்தா காலத்துல கிளி வளக்கலையா?" வளர்த்தார்கள். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலிலேயே கிளிக்கூண்டு மண்டபம் இருக்கிறது, ஒரு காலத்தில் கிளிகளும் இருந்தன. ஆனால் நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்கள். ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை இலையாலும் பூவாலும் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். கிளி மேல் உள்ள பிரியத்தைக் காட்ட உயிருள்ள கிளியை அடைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

"கம்பங்கதிரையும் சோளக்கதிரையும் கிளி நாசம் பண்ணுது, புடிச்சா என்ன தப்பு?" திருச்சுழிப் பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. டப்பா தட்டி விரட்டுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பொந்திலிருந்து எடுக்கும் குஞ்சு நம் கதிரைத் தின்றதே இல்லை. அதைக் கூண்டில் போட்டதால் ஒரு கதிரும் மிஞ்சப் போவதில்லை.

"கிளி அழகாப் பேசுமே?" பேசும். தன் கூட்டத்தோடு பேச வேண்டிய பறவை, கூட்டம் இல்லாததால் நம்மோடு பேசுகிறது. பச்சைக்கிளி கூண்டிலே 20, 25 வருஷம் கூட உயிரோடு இருக்கும். அவ்வளவு வருஷம் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு!

என் யோசனை

வளர்க்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று மாதம் குருவி இல்லாமலே குருவி வளர்த்துப் பாருங்கள். தினமும் 10 ரூபாயை உண்டியலில் போடுங்கள். தினமும் 20 நிமிஷம் அம்மாவுக்கு ஏதாவது வேலை செய்து கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ஒரு நாளும் தவறாமல் முடிந்ததா? உங்களிடம் 900 ரூபாய் இருக்கும், அதைவிடப் பெரிதாக வீட்டாரின் நம்பிக்கை இருக்கும். அப்போது போய் லவ் பேர்ட்ஸ் கேளுங்கள். இருபதாவது நாளே சலித்துப்போனால் ஒரு ஜோடிக் குருவி பிழைத்தது!

அவ்வளவு முடியாதவர்களுக்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவர் தன் மொட்டைமாடியில் பல வருஷம் அரிசி வைத்துவந்தார். ஆயிரக்கணக்கில் பச்சைக்கிளிகள் வந்து தின்றுவிட்டுப் பறந்தன. நம்மால் ஆயிரம் கிளிக்குப் போட முடியாது. ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கலாம். பக்கத்தில் ஒரு கைப்பிடி கம்பு வைக்கலாம். கிளி வராவிட்டாலும் மைனாவும் தவிட்டுக்குருவியும் அணிலும் வரும். கூண்டு வேண்டாம், வைத்தியச் செலவு வேண்டாம், சட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். சட்டியைத் தினமும் கழுவி, தண்ணீரை மாற்றினால் போதும்.

நம் பள்ளிச் சுற்றுச்சுவரில் வகுப்புக்கு ஒரு சட்டி வைக்கத் தலைமை ஆசிரியர் அவர்கள் அனுமதி தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பங்குனி வெயில் வருவதற்குள் வைத்துவிட்டால் நல்லது. முதல் சட்டிக்கு எங்கள் வகுப்பு பொறுப்பேற்கும்.



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்