‘ஃப்ளைட்டில் போகிறவனுக்கு பஸ் எதற்கு?’

சென்னை விமான நிலையத்துக்கு ராத்திரியிலும் சாதாரணக் கட்டணப் பேருந்து வேண்டும் என்று நாங்கள் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. டிக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவனுக்கு டாக்ஸிக்குக் காசு இல்லையா என்பார்கள். விமான நிலையம் என்றாலே இவர்கள் கண்ணில் தெரிவது காரில் வந்து இறங்குகிற குடும்பம்தான். அந்தப் படத்தில் நம் ஆட்கள் ஒருவர்கூட இல்லை.

சரி, அங்கே யார் போகிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில், விமானத்தில் ஒருநாளும் ஏறாதவர்கள். கழிப்பறை கழுவுகிறவர்கள், தரை துடைக்கிறவர்கள், டிராலி தள்ளுகிறவர்கள், சுமை ஏற்றுகிறவர்கள், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்கள். பெரும்பாலும் ஒப்பந்த வேலை, ஷிப்ட் வேலை. விமான நிலையம் 24 மணி நேரமும் பளபளப்பாக இருக்கிறதென்றால், 24 மணி நேரமும் யாரோ அங்கே போய் வருகிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து, வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குத் தரப்படும் பாஸ்போர்ட்டை ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் என்பார்கள். அதை வைத்துக்கொண்டு 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, அரசிடம் தனியாகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். இவர்களில் எத்தனை பேருடைய டிக்கெட் அம்மாவின் தோட்டை அடகு வைத்து எடுத்தது என்று சேரிகளில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் இருப்பதாலேயே அவர் கையில் காசு இருக்கிறது என்று ஆகாது. டிக்கெட் எடுத்ததால்தான் கையில் காசு இல்லை.

மூன்றாவது, நீங்கள். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள், அதில் 115 பட்டியல் சாதி மாணவர்களுக்கு. குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். விமானக் கட்டணத்தை அரசு தருகிறது. ஆனால் வழியனுப்ப வரும் அப்பா, அம்மா, தங்கச்சி எப்படி வருவார்கள், எப்படித் திரும்புவார்கள்? அதற்கு எந்தத் திட்டத்திலும் பைசா இல்லை.

இப்போது வண்டிக்கு வருவோம். பகலில் நிலைமை மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் ஐந்து, பத்து ரூபாய் டிக்கெட்டில் திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதையில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் எதிரே விமான நிலையம். இந்தியாவில் இவ்வளவு மலிவாகப் போய்ச் சேரக்கூடிய பெரிய விமான நிலையங்கள் அதிகம் இல்லை. 2016 செப்டம்பரிலிருந்து மெட்ரோவும் இருக்கிறது. அதன் அதிகபட்சக் கட்டணம் 2021இல் 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைந்தது.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்கு முடிகிறது. மின்சார ரயில் நள்ளிரவை ஒட்டி நின்று, விடியற்காலையில்தான் மறுபடி ஓடுகிறது. வெளிநாட்டு விமானங்கள் பலவும் கிளம்புவது, வந்து இறங்குவது சரியாக இந்த இடைவெளியில். நாலு மணி விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள், அதாவது ராத்திரி ஒரு மணிக்கு. ஏழைக்கு மலிவான வண்டி, ஏழைக்குத் தேவைப்படாத நேரத்தில் ஓடுகிறது. தேவைப்படும் நேரத்தில் ஆட்டோவும் டாக்ஸியும் நூறுகளில் பேசுகின்றன. ஒரு நாள் கூலி ஒரே சவாரியில் போய்விடுகிறது.

கிளாம்பாக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு தென்மாவட்டங்களிலிருந்து கோயம்பேடு போன அரசுப் பேருந்துகள் பல, ஜி.எஸ்.டி. சாலையில் விமான நிலையத்தைக் கடந்துதான் போகும். பெட்டியோடு அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு, பெரும்பாலான வண்டிகள் விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகருக்குள் இரவிலும் மாநகரப் பேருந்துகள் உண்டு. அவை போதவில்லை என்று 2024 பிப்ரவரியில் நள்ளிரவில் பயணிகள் சாலை மறியல் செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

‘இதில் சாதி எங்கே வந்தது?’ என்று அடுத்த கேள்வி வரும்.

இடத்தில் வந்தது. கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் வாழ்ந்த மக்களைப் பிடுங்கி கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்டது யார்? அரசு. அங்கே இருப்பவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். ஊருக்கு நடுவில் நடந்தே வேலைக்குப் போனவர்களை ஊர்க்கோடியில் குடிவைத்துவிட்டு, பிறகு பஸ் எதற்கு என்று கேட்பது என்ன நியாயம்? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது பெரிய வெற்றி, நாங்கள் கொண்டாடிய வெற்றி. ஆனால் ஏ.சி. பேருந்தில் அது செல்லாது, மெட்ரோவில் செல்லாது, ரயிலில் செல்லாது. பெரும்பாக்கத்திலிருந்து துப்புரவு வேலைக்கு வருகிற அக்காவுக்கு ராத்திரி ஷிப்ட் முடியும்போது ‘விடியல்’ எங்கே இருக்கிறது?

வரலாற்றிலும் வந்தது. 1901இல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன் அம்பேத்கரையும் அவர் அண்ணனையும் ஏற்றிக்கொள்ள ஒரு மாட்டுவண்டிக்காரர்கூட முன்வரவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் அவரே எழுதியிருக்கிறார். 1997இல் இங்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும், அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரம் வந்தது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. வண்டி யாருக்கு, எங்கே நிற்கும், யார் பெயரில் ஓடும் என்பதெல்லாம் இந்த நாட்டில் எப்போதும் சாதிக் கேள்விதான். இன்று ஏறாதே என்று யாரும் சொல்வதில்லை. நாம் ஏற வேண்டிய நேரத்தில் வண்டியே விடுவதில்லை.

நாளைக்குப் பரந்தூர். ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து நிலத்துக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் போராட்டத்தோடு நாங்கள் நிற்கிறோம். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: திரிசூலத்திலாவது எதிரே ரயில் நிற்கிறது. நகரத்தை விட்டு அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு விமான நிலையம் வந்தால், அங்கே கழிப்பறை கழுவப் போகிறவர் எதில் போவார்?

நாங்கள் கேட்பது பெரிய திட்டம் இல்லை. இரவு 11 முதல் காலை 5 வரை, கிளாம்பாக்கம், பெரும்பாக்கம், சென்ட்ரல் மூன்று இடங்களிலிருந்தும் குறித்த நேரத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்து. அது சாலையில் இறக்கிவிடாமல் டெர்மினல் வாசல் வரை போக வேண்டும். பெண்களுக்கும் திருநர்களுக்கும் கட்டணமில்லாப் பயணம் அதிலும் செல்ல வேண்டும். இரவு ஷிப்ட் ஒப்பந்தத் தொழிலாளர்களை வீட்டில் கொண்டுவிடுவது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். பெங்களூரு விமான நிலையத்துக்கு இரவிலும் அரசுப் பேருந்து ஓடுகிறது. கட்டணம் அதிகம்தான், ஆனால் ராத்திரியில் பஸ் விட முடியாது என்கிற சாக்கு அதோடு போயிற்று.

தோழர்களே, இதைப் பகிர்வதோடு நிறுத்தாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். இரவு 11 முதல் 5 வரை விமான நிலையம் வழியாக எத்தனை பேருந்துகள், எந்தெந்த நேரம், அதில் சாதாரணக் கட்டணம் எத்தனை என்று கேளுங்கள். உங்கள் பகுதியில் விமான நிலைய வேலைக்குப் போகிறவர்களின் ஷிப்ட் நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பதில் வரும்வரை திரும்பத் திரும்பப் போங்கள். நாங்களும் வருகிறோம்.