பேச்சு மட்டும் போதுமா?

இடைவேளைதோறும் கருந்துளை பற்றி வாதிடுகிறோம். "சிறுமிகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று நகைப்போரும் உண்டு. சிந்தித்துப் பாருங்கள்!

நம் பண்ருட்டிக்கு அருகிலுள்ள புதுச்சேரியில், 1769-இல் சூரியனை வெள்ளி கடப்பதைக் காணக் காத்திருந்த பிரெஞ்சு அறிஞர் லெ ஜாந்தியை மேகம் ஏமாற்றியது. ஆனால் சோழிகளை வைத்தே கிரகணத்தைக் கணித்த தமிழரிடம் அவர் மாணவராக அமர்ந்தார். பட்டத்துக்கன்று, கணக்குக்கே அந்த மதிப்பு.

கருந்துளை அனைத்தையும் விழுங்கிவிடும் என்று நானும் அடித்துப் பேசினேன். சூரியனுக்குப் பதில் அதே நிறையுள்ள கருந்துளை இருந்தாலும் பூமி இதே பாதையில்தான் சுற்றும் என்பதை, நியூட்டன் விதிப்படி கணக்கிட்ட பின்பே உணர்ந்து நாணினேன்.

பேசுவது தவறன்று, கணக்கிடாமல் பேசுவதே தவறு. வாரீர், நோட்டும் பென்சிலுமாக வாதிடுவோம்!